எண்பத்தொன்று

அன்னூரிலிருந்து அவினாசிக்குப் பதினேழு கிலோமீட்டர். நெடுஞ்சாலைக்காரர்கள் கல் நட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மேகலா தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் வண்டி மட்டும் பத்தொன்பது என்று சாதித்தது. போகும்போதும் பத்தொன்பது, வரும்போதும் பத்தொன்பது.

முதல் வாரம் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிபட்ட வண்டி. இரண்டு வருடம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, வழக்கு முடிந்து வீடு திரும்பியிருக்கிறது. முன்சக்கரம் புதிது, ஹேண்டில்பார் புதிது, பேட்டரியும் புதிது. எஞ்சினும் சீட்டும் மீட்டரும் பழையவையே. மாற்றிக் கொடுத்த மெக்கானிக், "எண்பத்தொண்ணுல போய் இடிச்ச வண்டி இவ்வளவு முழுசா இருக்காதுங்க" என்று தன் போக்கில் சொன்னான். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வாரத்தில்தான் வேகம் காட்டும் எண்ணும் சரியில்லை என்று கண்டுகொண்டாள். கைக்கு முப்பத்தைந்து போலத் தெரியும், மீட்டர் ஐம்பது காட்டும். கருவலூர்க் கோயில் பக்கம் வந்தால் அவள் வேகத்தைக் குறைக்கவே மாட்டாள், எண் தானாக இருபதுக்கு இறங்கும். கோயிலைத் தாண்டியதும் திரும்ப ஏறிக்கொள்ளும்.

ஒருநாள் ஒரு பேக்கரியைக் கடக்கும்போது எண் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, காற்று முகத்தில் அடிக்கிறது, மீட்டரோ நின்றுவிட்டதாகச் சொல்கிறது. ஏழெட்டு நொடிதான். அந்தப் பேக்கரியில் டீ குடிக்காமல் பூபதி ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. கருவலூர் மாரியம்மனுக்கு வேகத்தைக் குறைத்து, ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் அவன் அந்த இடத்தைத் தாண்டியதுமில்லை.

பூபதி அவளுடைய கணவன். செத்து இரண்டு வருடமாகிறது.

இதை வெளியில் சொன்னால் மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை. சொல்லப்போனால் அவளுக்குப் பயம் கூட இல்லை. காலையில் எப்போது வண்டியை எடுப்போம் என்றிருந்தது. எங்கே மெதுவாகப் போயிருக்கிறான், எங்கே முறுக்கியிருக்கிறான் என்று எண்களில் அவனைப் பார்த்துக்கொண்டே போய் வந்தாள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு பேக்கரி வாசலில் பூஜ்யம் வருவது நின்றது. ஒருநாள் எட்டு காட்டியது. அடுத்த வாரம் பதினைந்து. பிறகு இருபத்திரண்டு.

அந்த இருபத்திரண்டைப் பார்த்த சனிக்கிழமைதான் ஜெயசீலன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஜெயசீலன் மீட்டர் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தன் வீட்டு முன்னறையிலேயே மீட்டர் ரிப்பேர் பார்க்கிறார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. மீட்டரின் மாடல் எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இது நாங்க பண்ணினதும்மா."

"பேய் கீய்னு நெனச்சேனுங்க சார்."

"பேயா இருந்தாப் பரவாயில்ல. எந்த மீட்டரும் உள்ளதை விட ரெண்டு மூணு கூடத்தான் காட்டும். அது சட்டமே அனுமதிச்ச பொய். வண்டிக்காரன் கொஞ்சம் பயந்து ஓட்டட்டும்னு. ஆனா சக்கரம் சுத்தி, அதை எண்ணி, எண்ணாக் காட்டறதுக்குள்ள அரை நொடி தாமதமாகும். எண் முன்னும் பின்னும் ஆடும். புதுசா வாங்கினவங்க, மீட்டர் ஆடுதுன்னு திருப்பிக் கொண்டாந்தாங்க. அப்ப ஒரு யோசனை சொன்னாங்க. ஓட்டறவர் எந்த எடத்துல, எந்த நேரத்துல, என்ன வேகம் போறார்னு மீட்டரே பழகிக்கட்டும், அந்த அரை நொடிய அதுவே முன்கூட்டிக் கணிச்சுக் காட்டட்டும்னு."

"அதனாலதான் அவரு போன வேகமே வருதுங்களா?"

"ஆமா. மீட்டரைப் பொறுத்தவரைக்கும் இன்னும் அவர்தான் ஓட்டறார். தூரமும் அந்தக் கணிப்பைக் கூட்டித்தான் வருது. உங்களுக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட வருதுன்னீங்களே, அது அவர் ஓட்டினது."

மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பக் கொறைஞ்சுட்டே வருதுங்க சார்."

"நீங்க ஓட்டறீங்க இல்ல? தினமும் சாவியத் திருப்பி வண்டிய நிறுத்தறீங்க இல்ல? அந்த நிமிஷம்தான் அன்னைய பாடத்தை அது ஏத்திக்கும். உங்க பழக்கம் ஏற ஏற அவர் பழக்கம் அழியும்."

மேகலா இன்னும் ஒன்று கேட்டாள்.

"அரை நொடின்னு சொன்னீங்க. பேக்கரிகிட்ட ஏழு நொடிக்கு மேல பூஜ்யமே நின்னுச்சுங்களே?"

ஜெயசீலன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீண்டுருச்சும்மா. கணிப்பை எவ்வளவு நம்பறோமோ அவ்வளவு எண் ஆடாம நிக்கும். பாக்க அழகா இருந்துச்சு. தெரிஞ்சேதான் விட்டோம்."

"அப்ப கோர்ட்டுல காட்டினது?"

"காட்டற எண்ணைத்தான் நொடிக்கு நொடி எழுதி வெக்கும். சக்கரத்தோட எண்ணை வெக்கறதில்ல."

அப்படியென்றால் கோர்ட் நம்பிய எண்ணும் வெறும் கணிப்பாகவே இருக்கலாம்.

மீட்டர் சாட்சிச் சட்டம் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். விபத்து நடந்தால் இனி வாய்ச்சண்டை கிடையாது, மீட்டரில் பதிவானதுதான் முடிவு. மனிதன் சாட்சி சொன்னால் குறுக்கு விசாரணை உண்டு. மீட்டரைக் கூண்டில் ஏற்றி யார் கேட்பது? மேட்டுப்பாளையம் ரோட்டில் செல்வாம்பிகை மில் வாசலில், ஷிப்ட் முடிந்து சாலையைக் கடந்த வசந்தாமணி என்ற பெண்மீது பூபதியின் வண்டி மோதியது. அவள் அங்கேயே போய்விட்டாள். மில் மதில் சுவரில் தலை மோதிய பூபதி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனான். நாற்பது மட்டுமே போக வேண்டிய இடத்தில் மீட்டர் எண்பத்தொன்று சொன்னது. பிரேக் பிடித்த தடயமே இல்லை. வண்டிக்காரர் தலையைக் குனிந்து போன் பார்த்துக்கொண்டு வந்தார் என்று மில் வாட்ச்மேன் எழுதிக் கொடுத்தார். அந்த வாட்ச்மேன் மாரப்பன், வசந்தாமணியின் புருஷன்.

தீர்ப்பு வந்த பிறகு ஊர் மேகலாவின் வீட்டுக்குப் பேரே வைத்துவிட்டது. எண்பத்தொண்ணு வீடு. கூரியர்காரன் வழி கேட்டால் கூட அப்படித்தான் கை காட்டினார்கள். அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றால் பேச்சு நின்றுபோகும். எண்பத்தொண்ணு பூபதி ஒரு பொம்பளையைக் கொன்றுவிட்டுச் செத்தான், அவ்வளவுதான் அவனைப் பற்றி ஊருக்கு மிஞ்சியது.

அவளுக்கு மட்டும் இன்னொன்று மிஞ்சியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பூபதி அவினாசி வேலையை விட்டு மேட்டுப்பாளையத்தில் சேர்ந்து ஓட்டிய கடைசி இரண்டு வருடமும், தினமும் மாலை ஆறு பத்துக்கு அவள் அவனைக் கூப்பிடுவாள். ஹெல்மெட்டிலேயே பேசிக்கொள்ளலாம். "எங்க வர்றீங்க?" "மில்லுகிட்ட வந்துட்டேன், பத்து நிமிஷம்." அவ்வளவுதான் பேச்சு. விபத்து நடந்த வியாழக்கிழமை காலையில் ஒரு சின்னச் சண்டை. தினமும் இதென்ன ஒரே கேள்வி என்றான். சரி, இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்றாள். சொன்னபடியே அன்று கூப்பிடவில்லை. கூப்பிடுவாளா என்று போனைப் பார்த்துக்கொண்டே வந்துதான் அவன் இடித்திருக்கிறான் என்று இரண்டு வருடமாக அவள் மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

"சார், அவரு அன்னைக்கு நாப்பதுலயே வந்திருக்கலாமுங்களா?"

"வந்திருக்கலாம். ஆனா அதுக்கு ஒரு விஷயம் இருக்கு." ஜெயசீலன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "தினமும் அந்த எடத்துல எண்பது போயிருந்தாத்தான் மீட்டர் அன்னைக்கும் எண்பதுன்னு கணிச்சிருக்கும். தினமும் நாப்பது போனவரா இருந்தா அந்த எண்பத்தொண்ணு நெசம். புரியுதாம்மா? அன்னைக்கு அவர் தப்புப் பண்ணலைன்னு காட்டணும்னா, மத்த நாளெல்லாம் பண்ணினார்னு காட்டணும்."

பூபதி தன் வாயால் நூறு தடவையாவது சொல்லியிருப்பான், நாற்பதைத் தாண்ட மாட்டேன் என்று. எது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது?

"இடிச்ச வேகத்துல பேட்டரி ஒயர் கழண்டுருச்சு," என்றார் அவர். "அதனால அந்தக் கடைசிப் பயணம் பாடமா ஏறலை. அந்த ரோட்டுல நீங்க ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லீங்க. அந்தப் பக்கமே போறதில்லைங்க."

"அப்ப அங்க அவர் அப்படியே இருக்கார். அதே எடம், அதே நேரம், நீங்க நாப்பதுல போகும்போது மீட்டர் அதே எண்பத்தொண்ணு காட்டணும். சும்மா தப்பாக் காட்டினாப் போதாது, அடிபட்ட மீட்டர்னு தள்ளிருவாங்க. அதே எண்ணு வரணும். போக்குவரத்து ஆபீஸ்ல ஒரு ஆய்வாளரை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் தனியா அங்க போயிராதீங்க. முக்கியமா, அந்த எடத்துல சடன் பிரேக் மட்டும் புடிச்சிராதீங்க. பிரேக் புடிச்ச எடத்தை அது எல்லாத்துக்கும் மேல ஞாபகம் வெச்சுக்கும். ஓட்டறவங்க பாதுகாப்புக்குன்னு நாங்கதான் அப்படி எழுதினோம்."

சாட்டிலைட் பார்த்து நிஜ வேகம் காட்டும் சின்ன டப்பா ஒன்றையும் ஹேண்டில்பாரில் கட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வரை அவளால் பொறுக்க முடியவில்லை. முடியாதுதான். முன்பின் தெரியாத ஒரு ஆபீசர் காமிராவை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வர, தன் புருஷன் எப்படிப் போனான் என்பதை முதன்முதலாக அங்கே வைத்தா பார்ப்பது? எண்பத்தொன்று வந்தாலும் அழுகை வரும், வராவிட்டாலும் வரும். தனியாக அழுதுவிட்டு வந்துவிடலாம் என்று வியாழக்கிழமை மத்தியானமே லீவு சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் போனாள். அங்கிருந்து, அவன் கிளம்பும் நேரத்துக்கு வண்டியைத் திருப்பினாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் வாழைத்தோட்டம், வலப்பக்கம் செங்கல் சூளை. டப்பாவில் நாற்பது, மீட்டரில் நாற்பத்திரண்டு. சட்டம் அனுமதித்த பொய்தான். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், எண் அசையவில்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. சொன்ன சொல் தவறாமல்தான் ஓட்டியிருக்கிறான். அப்படியென்றால் அன்றைய எண்பத்தொன்று நிஜம். அவன் கொன்றதும் நிஜம்.

மில்லுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டியதும் மீட்டர் நாற்பத்தாறு என்றது. அவள் முறுக்கவில்லை. டப்பாவில் நாற்பதுதான். ஐம்பத்தைந்து. அறுபத்து மூன்று. மீட்டர் ஓரத்தில் மணி ஆறு பத்து. எழுபது. எழுபத்தேழு. அவளுடைய வலது கைக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேறொரு கை முறுக்கிக்கொண்டிருந்தது. எண்பது.

எண்பத்தொன்று.

சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. வாய்விட்டு ஏதோ கத்தினாள். கண்ணை எடுக்காமல் அந்த எண்ணையே பார்த்தாள்.

நிமிர்ந்தபோது நடுரோட்டில் ஒரு ஆள் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். பின்சக்கரம் கீச்சென்று பக்கவாட்டில் இழுத்தது. வண்டி சாய்ந்து, அவளையும் இழுத்துக்கொண்டு போய், அந்த ஆளின் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மில் வாசலில் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

விழுந்த வண்டியைக் கண்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் செய்வது ஒன்றுதான். ஆளைத் தூக்கும் முன்பே ஒரு கை சாவிக்குப் போய்விடும். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் ஆபத்து என்று யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். கொடி பிடித்த ஆளும் அதைத்தான் செய்தார்.

"சாவியத் திருப்பாதீங்க!" என்று அவள் கத்தினாள்.

திருப்பிவிட்டார். மீட்டர் அணைந்தது.

"ஒண்ணும் ஆகலீங்களே அம்மணி?" என்று கையைக் கொடுத்தார் அவர். முழங்கை சிராய்த்திருந்தது, அவ்வளவுதான். வாசல் அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அந்த வண்டிங்களா இது?"

"ஆமாங்க. நான் அவரு ஊட்டுக்காரிங்க."

"தெரியுமுங்க. கோர்ட்டுல பாத்திருக்கேன்." மாரப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். வசந்தாமணி போன பிறகு ஷிப்ட் விடும் நேரத்தில் இவர் கொடியோடு ரோட்டில் இறங்குவது மில்லில் யாரும் சொல்லி அல்ல. "ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? இப்பத் தலைய குனிஞ்சுட்டு வந்தீங்க. எதையப் பாத்தீங்க?"

"மீட்டரைங்க."

"போன் இல்லீங்களா?"

"போன் பையில இருக்குதுங்க."

அவர் தலையைக் குனிந்து காட்டினார். "அவரும் அப்படியேதான் வந்தாருங்க. இதே மாதிரித்தான் தலை. இந்தக் காலத்துல தலை குனிஞ்சா வேற என்ன, போன்தான்னு நெனச்சு எழுதிக் குடுத்துட்டேன். கையில போன் இருந்ததை நான் பாக்கலீங்க."

மேகலாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. நாற்பதில் நிதானமாக வந்துகொண்டிருந்தவனுக்கு மீட்டர் திடீரென்று எழுபது, எண்பது என்று காட்டினால் என்ன செய்வான்? குனிந்துதான் பார்ப்பான். மற்ற நாட்களில் அவன் நிஜமாகவே எண்பதில் போனதால் எண்ணைக் கவனித்திருக்க மாட்டான். அன்றைக்கு ஒருநாள்தான் எண் தப்பாக இருந்தது.

ஏன் அன்றைக்கு மட்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பாலத்தைத் தாண்டியதும் ஆறு பத்து. அவள் தினமும் கூப்பிட்ட நேரம். எங்க வர்றீங்க என்று கேட்ட குரலுக்குத்தான் அவன் இரண்டு வருடமும் அங்கே முறுக்கியிருக்கிறான். மெதுவாகத்தான் வந்தேன் என்று வீட்டுக்கு வந்து பொய் சொல்லியிருக்கிறான்.

"அன்னைக்கு நான் கூப்பிடலீங்க," என்றாள். "கூப்பிடாததால மெதுவா வந்தாரு. தினமும் கூப்பிட்டதை மீட்டர் மட்டும் ஞாபகம் வெச்சிருந்துச்சுங்க."

அழுதுகொண்டே அத்தனையும் சொன்னாள். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முடிவில் அவர் கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் ரோட்டுக்கு அக்கட்ட நின்னுக்கிட்டு, வெரசா வா, டீ ஆறுதுன்னு அவளைக் கூப்பிட்டனுங்க. என்னையவே பாத்துட்டு வந்தா. ரோட்டைப் பாக்கல. இதையும் நான் எழுதிக் குடுக்கலீங்க."

மறுநாள் ஆய்வாளர் வந்தார். ஜெயசீலன் பின்னால் காரில் வந்தார். பாலத்தைத் தாண்டி, ஆறு பத்துக்கு, டப்பாவில் நாற்பது இருக்க, மீட்டர் நாற்பத்திரண்டிலிருந்து சரசரவென்று இறங்கியது. மில் வாசலில் பூஜ்யம். அவள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள், மீட்டர் அங்கேயே நின்றிருந்தது. முந்தின நாள் பிடித்த பிரேக் ஒன்று இரண்டு வருடத்து மாலைகளை அழித்துவிட்டது.

ஆய்வாளர் நல்ல மனிதர்தான். "மீட்டர் பழுதுன்னு எழுதறேன். இன்னைக்குத் தப்பாக் காட்டுது. அன்னைக்கும் காட்டுச்சுன்னு இதை வெச்சு சொல்ல முடியாதும்மா" என்றார். அன்று பூபதி கையில் போன் இருந்ததைத் தான் பார்க்கவில்லை என்று மாரப்பன் சொல்ல வந்தார். "மனுஷங்க சொல்றதை இப்ப எடுத்துக்கறதில்லீங்க" என்று ஆய்வாளர் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

ஜெயசீலன் அவளைப் பார்த்தார். முந்தின நாளே தனியாக வந்து பிரேக் பிடித்ததை அவள் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கு போனதை விட, அவன் தன்னிடம் வர அவசரப்பட்ட அந்த எண் இனி எங்கேயும் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஊரில் அது இன்னும் எண்பத்தொண்ணு வீடுதான். மீட்டரை மாற்றச் சொல்லிப் பலர் சொல்லிவிட்டார்கள். அவள் மாற்றவில்லை. வியாழக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வருகிறாள். பாலம் தாண்டியதும் எண் இறங்கத் தொடங்கும். நிற்காமல் போனால், பேக்கரியை மறந்தது போல மீட்டர் இதையும் ஒருநாள் மறந்துவிடும். அதனால் அவளும் எண்ணோடு சேர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, மில் வாசலில் காலை ஊன்றி நிற்கிறாள். மாரப்பன் கொடியை நீட்டுகிறார். ஷிப்ட் முடிந்த பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கடந்து முடிக்கும் வரை அந்த மீட்டர் காட்டுவது சரியாக இருக்கிறது.